பொறி தட்டலையே மாப்ள!

என் மச்சினன் வாடிப்பட்டியில் இருக்கிறான். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற நாற்கர சாலையில், வலது பக்கம் சிறுமலை பெரிதாகத் தெரிய ஆரம்பிக்கும்போது ஊர் வந்துவிடும். கொட்டு மேளத்துக்குப் பேர் போன ஊர். என் கல்யாணத்துக்கு அங்கேயிருந்துதான் மேளம் வந்தது. அதற்கப்புறம் அந்த ஊரிலிருந்து எனக்கு வருவதெல்லாம் தேங்காயும், மச்சினனின் போனும்தான்.

போன மாதம் ஒரு ராத்திரி பத்தரைக்கு போன்.

"மாமா, பய பெட்ரோல உறிஞ்சிர்றான் மாமா."

"எந்தப் பய?"

"நம்ம டிரைவர் பயதான். மூணு மாசமா வண்டி தண்ணியா குடிக்குது. நீங்க கணக்குல புலி. வந்து கண்டுபிடிச்சுக் குடுங்க. அவன சீட்டக் கிழிச்சு அனுப்பிர்றேன்."

நான் கணக்குப் பிரிவில் குமாஸ்தா. ஆபீஸில் யாரும் என்னைப் புலி என்று சொன்னதில்லை. வாடிப்பட்டியிலாவது சொல்கிறார்களே என்று ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மச்சினனிடம் இருப்பது ஒரு சின்ன பிக்கப் வண்டி. ஊரில் இந்த ஜாதி வண்டி எல்லாவற்றுக்கும் 'குட்டி யானை' என்றுதான் பெயர். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன்; வண்டி மேல் ஒரு தப்பும் இல்லை என்பது கடைசியில் தெரியும். பேங்க் கடனில் வாங்கியது. விடியற்காலை மூன்று மணிக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி மார்க்கெட், திரும்பும்போது கிடைத்த லோடு, மத்தியானம் உள்ளூரில் தேங்காய் நடை. ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓடும்.

பெட்ரோல் வண்டி. இங்கே ஒரு நிமிஷம் நிற்க.

லோடு வண்டி என்றாலே டீசல் என்றுதானே நாம் வளர்ந்தோம்? 2005-ல் டாடா ஏஸ் வந்து தெருவுக்குத் தெரு ஓடியபோது அதுவும் டீசல்தான். 2020 ஏப்ரல் முதல் தேதி பி.எஸ். 6 புகை விதி வந்தது. சின்ன டீசல் இன்ஜினை அந்த விதிக்குள் அடக்குவது செலவு பிடித்த வேலை. அதனால் சின்ன பிக்கப்புகள் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் கூட்டமாக மாறின. டாடா ஏஸிலேயே அந்த வருஷம் பெட்ரோல் மாடல் வந்தது. வண்டி மாறிவிட்டது, வண்டியைப் பற்றிய நம் ஞானம் மாறவில்லை. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நசுக்கிய நசுக்கில் எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். ரூடால்ஃப் டீசல் செய்த காரியம் அது. சிலவற்றில் 'க்ளோ பிளக்' என்று ஒன்று உண்டு. குளிர்ந்த இன்ஜினை எழுப்பிவிடுகிற சூடான சுப்ரபாதம், அவ்வளவே. பெட்ரோல் அப்படியில்லை. ஒவ்வொரு தடவையும் யாராவது தீக்குச்சி உரசிக் கொடுக்க வேண்டும். அந்த 'யாராவது' தான் ஸ்பார்க் பிளக்.

*

மச்சினன் ஒரு நோட்டைக் கொடுத்தான். எழுத்து கோணல், கணக்கு நேர். தினமும் ஓடிய கிலோமீட்டர், போட்ட பெட்ரோல், எல்லாம் இருந்தது. நான் அதை எக்ஸெல்லில் ஏற்றி, கலர் அடித்து, கிராஃப் போட்டேன். (கிராஃப் போட்டால்தான் புலி என்று நம்புவார்கள்.)

புரட்டாசியில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர். ஐப்பசியில் பதினாலரை. கார்த்திகையில் 13. மார்கழியில் 12.

நூறு கிலோமீட்டருக்கு முன்பு ஆறேகால் லிட்டர். இப்போது எட்டே கால் லிட்டருக்கும் மேல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் தினம் 200 ரூபாய்க்கு மேல் காற்றோடு போகிறது. மாதம் 26 நாள் ஓட்டினால் 5,400 ரூபாய்.

"பெட்ரோல் பங்க்ல அளவு குறையுதோ?"

"அஞ்சு லிட்டர் கேன்ல பிடிச்சுக் காட்டச் சொன்னேன் மாமா. பங்க்ல அளந்து காட்டுற கேன் இருக்கும்ல. கரெக்டா இருந்துச்சு."

"பையன் எப்ப வேலைக்குச் சேர்ந்தான்?"

"ஆயுத பூஜை அன்னிக்கு. நல்ல நாளாச்சேன்னு."

நான் கிராஃபைப் பார்த்தேன். கோடு இறங்க ஆரம்பித்தது ஆயுத பூஜைக்கு மறுநாள். பையன் வந்தான், மைலேஜ் போனது. கோர்ட்டே தேவையில்லை! அந்தக் காலத்தில் வித்தியாசம் என்று ஒரு நெடும்பத்தி போட்டு, கீழே கூட்டி, சிவப்பில் தடிமனாக 10,800 சொச்சம் காட்டினேன். மச்சினன் என்னை அப்படி ஒரு மரியாதையோடு பார்த்தான்.

"போன மாசமே சம்பளத்துல 3,000 பிடிச்சிட்டேன் மாமா. பாக்கியை எப்படி வசூல் பண்றது?"

அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. பிடித்துவிட்டானா? பையன் என்ன சொன்னானாம்?

"ஒண்ணும் சொல்லல. அதுதான மாமா சந்தேகமே. தப்புப் பண்ணாதவன்னா சத்தம் போட மாட்டானா?"

சத்தம் போட்டிருந்தால், 'தப்புப் பண்ணினதுனாலதான் சத்தம் போடுறான்' என்று இதே மச்சினன் சொல்லியிருப்பான். இதை அப்போது நான் சொல்லவில்லை. புலிகள் தங்கள் கிராஃபுக்கு எதிராகப் பேசுவதில்லை.

*

கையும் களவுமாகப் பிடிக்கத் திட்டம் போட்டோம். திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு நானே வண்டியில் ஏறிக்கொண்டேன். கிளம்பும்போது டேங்கை வாய் வரை நிரப்பியாயிற்று. திரும்பி வந்து மறுபடி வாய் வரை நிரப்ப வேண்டும். எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அதுதான் குடித்தது. முள்ளைப் பார்த்து மைலேஜ் சொல்வது கிளி ஜோசியம். டேங்க் டு டேங்க்தான் கணக்கு.

பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். "வாங்க சார்" என்றதோடு சரி. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரிந்தது. சமயநல்லூர் வரைக்கும் இரண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு போனோம்.

ஒரு பாலம் ஏறும்போது வண்டி உடம்பை உலுக்கியது. முதுகுத்தண்டில் 'டுக்... டுக்' என்று இடித்தது.

"என்னப்பா இது?"

"ஏத்தத்துல இப்படித்தான் சார். இழுக்க மாட்டேங்குது. முழுசா மிதிச்சாத்தான் ஏறுது. அண்ணன்ட்ட ரெண்டு தடவ சொன்னேன். 'ஓட்டத் தெரியலைன்னு சொல்லு'ன்னுச்சு."

அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, தயங்கித் தயங்கி, "சார், இந்தப் பொட்டுக்குப் பின்னாடி மஞ்சளா ஒண்ணு எரியுது சார்" என்றான்.

பார்த்தேன். ஸ்பீடா மீட்டர் கண்ணாடியில் ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனம், நடுவில் குங்குமம். நாலணா அகலம். இருட்டில் அதன் ஓரம் வழியாக மஞ்சள் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது.

"அண்ணன்ட்ட கேட்டியா?"

"கேட்டேன் சார். 'அது சாமி வெளிச்சம்டா'ன்னுச்சு."

லோடு இறக்கி, டீ குடித்து (அவன் காசு அவன் கொடுத்தான், என் காசையும் அவனே கொடுக்கப் போனான்), திரும்பி வந்து, உள்ளூர் நடையும் முடித்தோம். 102 கிலோமீட்டர். டேங்க் பிடித்தது எட்டரை லிட்டர். லிட்டருக்கு 12.

நான் நாள் முழுக்க அந்த டேங்க்குக்கு மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். தூங்கவும் இல்லை. (சமயநல்லூரில் ஐந்து நிமிஷம் தவிர, அப்போதும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.) ஒரு சொட்டு வெளியே போகவில்லை. ஆனாலும் 12!

அப்படியென்றால் பெட்ரோலைத் திருடியவன் வண்டிக்குள்ளேயே இருக்கிறான்.

*

பஸ் ஸ்டாண்டு தாண்டி ஒரு புளியமரத்தடி ஒர்க் ஷாப். மெக்கானிக் பெரியவர் அம்பாசடர் காலத்து ஆள். எந்த பிளக்கைப் பார்த்தாலும் 'மைக்கோ' என்பார். பெங்களூரில் 1951-ல் தொடங்கிய மைக்கோ கம்பெனி 2008-ல் பாஷ் என்று பெயரை மாற்றிக்கொண்டதை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். "ரெண்டு பேரு அடிக்க வேண்டிய மேளத்த ஒருத்தன் அடிக்கிறான்" என்றார்.

ரெண்டு சிலிண்டர் இன்ஜின். ரெண்டு பிளக். முதலாவதைக் கழற்றினார். முனை காய்ந்து, டீத்தூள் டிகாக்ஷன் மாதிரி பழுப்பாக இருந்தது. "இது உழைக்குது." இரண்டாவதைக் கழற்றினார். கன்னங்கரேல் என்று கரி. மோந்து பார்த்தால் பெட்ரோல் வாசனை. வெள்ளைப் பீங்கானில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். "இது சம்பளம் மட்டும் வாங்குது."

பிளக்கின் மேல் இருந்த பெயரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். உலகப் புகழ் பெற்ற கம்பெனியின் பெயர்தான். ஓர் எழுத்து மட்டும் கூடுதலாக இருந்தது.

"தம்பி, இத யாரு மாத்துனது?"

ஒர்க் ஷாப்பில் நிசப்தம். புளியமரத்தில் ஒரு காக்கா கத்தியது. மச்சினன் செருப்பைப் பார்த்தான்.

"ஆயுத பூஜைக்கு வண்டியக் கழுவுறப்ப, நாந்தான்ணே... ரோட்டோரம் வித்தாய்ங்க. புது பிளக்கு, லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கூடும்னாய்ங்க. பாதி வெல."

"எதுல முறுக்குன?"

"இருந்த ஸ்பேனர்லதான். லூசா இருக்கக் கூடாதுன்னு நல்லா... 'டக்'குனு ஒரு சத்தம் கூட வந்துச்சு."

அந்த 'டக்'தான் பீங்கான்.

*

பிளக் செய்கிற வேலை பார்வைக்குச் சின்னது. பேட்டரி கொடுப்பது 12 வோல்ட். காயில் அதை இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏற்றி அனுப்புகிறது. ஒரு மில்லிமீட்டருக்கு முன்பின்னான இடைவெளியை அந்த மின்சாரம் தாண்டிக் குதிக்கிறது. அந்தக் குதியல்தான் பொறி. 1860-லேயே லெனுவார் என்பவர் தன் கேஸ் இன்ஜினில் மின்பொறியைப் பயன்படுத்திவிட்டார். 1902-ல் பாஷ் கம்பெனியின் ஹோனால்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் பிளக்கையும் ஜோடி சேர்த்தார். அடிப்படை இன்று வரைக்கும் அதுதான்.

இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், ஒரு பிளக் விநாடிக்கு 25 தடவை பொறி விட வேண்டும். அந்தச் சுற்றில் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 1,500 பொறி. நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஆறு கோடி! லீவு கிடையாது, இன்க்ரிமென்ட் கிடையாது.

பீங்கானில் விரிசல் விழுந்தால் மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் குறுக்கு வழியில் ஓடிவிடும். முனையில் கரி படிந்தாலும் இதே கதை. கரி மின்சாரத்துக்கு நல்ல ரோடு. நல்ல பிளக்கின் முனை சுமார் 450 டிகிரிக்கு மேலே சூடானால்தான் தன் மேல் படிகிற கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850-ஐத் தாண்டினாலோ, பொறிக்கு முன்னாலேயே அதுவே பெட்ரோலைக் கொளுத்திவிடும். எந்த இன்ஜினுக்கு எந்தச் சூடு என்று பார்த்துத்தான் நம்பர் போடுகிறார்கள். ரோட்டோரத்துப் பாதி விலைச் சரக்குக்கு அந்தப் படிப்பு கிடையாது.

பொறி வராவிட்டால் என்ன ஆகும்? அந்தச் சிலிண்டரில் போன பெட்ரோல் எரியாமலே வெளியே போகும். அது முதல் நஷ்டம். எரியாத பெட்ரோலோடு செலவாகாத ஆக்சிஜனும் போகும். சைலன்சர் வழியில் காவல் காக்கிற ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து, 'காற்று மிஞ்சுகிறது, பெட்ரோல் போதவில்லை' என்று கம்ப்யூட்டருக்குத் தப்பாக ரிப்போர்ட் எழுதும். கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றும். அது இரண்டாவது நஷ்டம். இழுவை குறைந்ததால் டிரைவர் ஆக்சிலேட்டரை முழுசாக மிதிப்பார். அது மூன்றாவது. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதையும் கெடுக்கும். அந்தப் பில்லைப் பார்த்தால் வண்டியையே விற்றுவிடத் தோன்றும்.

நாலு சிலிண்டர் வண்டியில் ஒரு பிளக் மக்கர் செய்தால் கால் ஆள் லீவு. ரெண்டு சிலிண்டர் வண்டியில் பாதி ஆபீஸே லீவு!

இதையெல்லாம்தான் அந்த மஞ்சள் விளக்கு மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வாயில் நாங்கள் சந்தனத்தை அப்பி வைத்திருந்தோம். இன்ஜின் படம் போட்ட அந்த விளக்கு நின்று எரிந்தால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் போக வேண்டும். விட்டு விட்டு மின்னினால் லோடை இறக்கிவிட்டு உடனே போக வேண்டும்.

*

கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கிற நம்பரில் ரெண்டு அசல் பிளக் வாங்கினோம். மச்சினன், "இரிடியம்னு ஒண்ணு இருக்காமேண்ணே, மைலேஜ் பிச்சுக்குமாமே" என்று ஆரம்பித்தான். பெரியவர் முறைத்தார்.

இரிடியம் உருகுவதற்கு 2,446 டிகிரி வேண்டும், நிக்கலுக்கு 1,455. அதனால் இரிடியம் முனை சீக்கிரம் தேயாது, ஊசி மாதிரி மெல்லிசாகச் செய்யலாம், நீண்ட நாள் உழைக்கும். அதுதான் அதன் பெருமை. நல்ல நிலையில் இருக்கிற சாதா பிளக்கைக் கழற்றிவிட்டு அதைப் போட்டால் மைலேஜ் கொட்டாது. பிளக் என்பது மைலேஜைக் கூட்டுகிற சாமான் இல்லை. தொலைந்ததைத் திருப்பித் தருகிற சாமான்.

ஆனால் கூடுதலாக ரெண்டு கிலோமீட்டர் என்றால் நமக்கு மதி மயங்கிவிடுகிறது. 1996-ல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து ராமர் பிள்ளை மூலிகை பெட்ரோல் என்று வந்தபோது நாடே வாயைப் பிளந்தது. 2016-ல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு தண்டனை விதித்தது. இலையிலேயே பெட்ரோல் காய்த்துவிடும் என்று நம்பிய நாம், பாதி விலை பிளக்கை நம்புவதில் ஆச்சரியமென்ன?

பெரியவர் கையால் முழுக்கத் திருகி உட்காரவைத்து, கடைசியில் மட்டும் டார்க் ஸ்பேனரால் அளவாக ஒரு அழுத்து அழுத்தினார். டயரையும் பார்த்தார், நாலிலும் காற்று குறைவு. "டயர்ல காத்து இல்லாம பிளக்க மட்டும் மாத்துறது, வேட்டிய விட்டுட்டு துண்ட இஸ்திரி போடுற மாதிரி" என்றார். அவர் சொன்னது சரிதான். அமெரிக்க அரசாங்கம் தன் மக்களுக்குச் சொல்கிற கணக்குப்படி, காற்று ஒரு பவுண்டு குறைந்தால் மைலேஜ் 0.2 சதவிகிதம் குறையும். டியூனிங் கெட்ட வண்டியைச் சரி செய்தால் திரும்பக் கிடைப்பது சராசரியாக 4 சதவிகிதம்தான். ஆனால் ஆக்சிஜன் சென்சார் மாதிரி பெரிய கோளாறு என்றால் 40 சதவிகிதம் வரைகூடப் போகும். எங்களுக்குப் போனது 25.

ஒரு வாரம் கழித்து டேங்க் டு டேங்க் பார்த்தோம். 15.4.

"16 வரலையே மாமா?"

பெட்ரோலில் இப்போது 20 சதவிகிதம் எத்தனால். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதற்குத் தகுந்த மாதிரி அமைக்காத வண்டியில் கொஞ்சம் குறையத்தான் செய்யும். மார்கழி மாதக் கரும்பு லோடு வேறு. மிச்சம் அரைக் கிலோமீட்டருக்கும் யாராவது ஒரு பையனைத் தேடாதே மாப்ள என்றேன்.

*

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜை அன்று அந்த வண்டியில் மூன்று மாற்றம் நடந்தது. பிளக் புதுசு. பொட்டு புதுசு. பையன் புதுசு. மூன்றில் யார் காரணம் என்று இரண்டு பேர் உட்கார்ந்து யோசித்தோம். ஒருவன் முதலாளி, ஒருவன் பதினெட்டு வருஷம் கணக்கு எழுதியவன். பிளக்கையும் பொட்டையும் விட்டுவிட்டு, நேராகப் போய்ப் பையனைப் பிடித்தோம். எக்ஸெல்லில் என் கிராஃப் கரெக்ட்; ஒரு பைசா பிசகு இல்லை. கணக்கு சரியாக இருந்ததால், நான் சொன்னதும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

மச்சினன் 3,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தான். "தப்பா நெனச்சிட்டேன்டா" என்று இரண்டு வார்த்தை சொல்வதற்கு அவன் பட்ட பாடு, பாலம் ஏறும்போது அந்த வண்டி பட்ட பாடு. நானும் சொன்னேன். எனக்கும் சுலபமாக வரவில்லை.

பையன் பணத்தை எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அப்புறம் பெரியவரின் தகர டப்பாவில் கிடந்த அந்தக் கரி பிளக்கைக் காட்டி, "சார், அத நான் எடுத்துக்கவா?" என்று கேட்டான்.

"அது எதுக்குப்பா?"

"அம்மாட்ட காட்டணும் சார். சம்பளத்துல பிடிச்ச அன்னிக்கு, 'நெசமாவே நீ எடுக்கலயாடா'ன்னு கேட்டுச்சு."

பேப்பரில் சுற்றிக் கொடுத்தோம்.

சாயங்காலம் மச்சினன் ஸ்பீடா மீட்டரைத் துடைத்துவிட்டுப் புதுசாகச் சந்தனப் பொட்டு வைத்தான். மஞ்சள் விளக்குக்கு நாலு விரல்கடை தள்ளி.